11 நாள் நிக்காத ரத்தமும் அடுத்த மாசத்து சாமத்திய வீடும்

வெள்ளவத்தையில இருந்து ஒரு அம்மா நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறா. பேர், ஸ்கூல், மற்ற அடையாளம் எல்லாம் எடுத்திட்டு விசயத்த மட்டும் சொல்லுறன். மூத்த மகளுக்கு 13 வயசு. பெரியபிள்ளை ஆகி ஏழு மாசம் ஆகப்போகுது. முதல் தரம் அஞ்சு நாளில நிண்டிட்டுதாம், பிறகு ரெண்டு மாசத்துக்கு ஒண்டுமே இல்ல, அதுக்குப் பிறகு 45 நாளில ஒருக்கா, 38 நாளில ஒருக்கா, 26 நாளில ஒருக்கா வந்திருக்கு. கடைசியா வந்தது 11 நாள் போய் போன கிழமை தான் நிண்டதாம். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பேட் மாத்த வேண்டி இருந்திருக்கு, இரவில பெட்ஷீட் நனைஞ்சிருக்கு, கட்டி கட்டியாவும் போயிருக்கு. ஆறு நாள் ஸ்கூல் இல்ல. நெட்போல் விளையாடுற பிள்ளை இப்ப மூண்டாம் மாடியில இருக்கிற வீட்டுக்கு ஏறி முடிக்க முன்னம் ரெண்டு இடத்தில நிண்டு மூச்சு வாங்குறாவாம்.

வீட்டில இருக்கிற மாமி, துடக்கு நாளில மீன் முட்டை இறைச்சி குடுக்கக்கூடாது, தலைக்கு வார்க்கக்கூடாது, வலிக் குளிசை குடிச்சா நாளைக்குப் பிள்ளை தங்காது எண்டு சொல்லுறாவாம். பக்கத்து ஃப்ளட் அக்கா இது பீசிஓஎஸ் (சூலகத்தோட சம்பந்தப்பட்ட ஹோர்மோன் பிரச்சினை) தான், உடன ஸ்கேன் எடுங்க எண்டிருக்கிறா. இதுக்கிடையில சாமத்திய வீட்டுக்கு அடுத்த மாசம் ஹோல் புக் பண்ணி, கார்ட் அடிச்சு, கனடாவில இருந்து சித்தப்பா குடும்பம் டிக்கெட்டும் போட்டாச்சு. அண்டைக்குப் பாத்து வந்திடக்கூடாது எண்டு தெரிஞ்ச பாமசி ஒண்டில பீரியட்ஸ் தள்ளிப்போடுற குளிசையும் வாங்கி வச்சிட்டா. எப்ப தொடங்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை குடுக்கிறது எண்டுறது தான் அவட கேள்வி. கடைசியில போற போக்கில ஒரு வரி: "இன்னொரு கெட்ட பழக்கம், ஃப்ரிட்ஜில இருந்து ஐஸ் கட்டிய எடுத்து எடுத்துக் கடிக்கிறா, ஏசினாலும் விடுறா இல்ல, அந்தக் குளிர் தான் வயித்துக்க போய் இப்பிடிச் செய்யுதோ?"

தங்கச்சி, உங்கட நாலு பக்கத்திலயும் என்னப் பிடிச்சு நிப்பாட்டினது அந்தக் கடைசி வரி தான். ஐஸ் கடிச்சதால ரத்தம் கூடப் போகல்ல. ரத்தம் கூடப் போய் உடம்பில அயன், அதாவது இரும்புச்சத்து, குறைஞ்சதால தான் பிள்ளைக்கு ஐஸ் கடிக்கச் சொல்லுது எண்டு தான் எனக்குப் படுது. சில பேருக்குப் பச்சை அரிசி, சில பேருக்கு மண் வாசம், சில பேருக்கு ஐஸ். அயன் குறைஞ்ச ஆக்களிட்ட டொக்டர்மார் நாங்க கேட்டுப் பாக்கிற அடையாளம் இது, அயன் ஏறத் தொடங்க அந்த ஆசை தானாவே போயிடும். அதால இனி ஐஸுக்கு ஏசாதீங்க. மாடிப்படியில மூச்சு வாங்கிறதையும் சோம்பல் எண்டு நினைக்காதீங்க. 11 நாள், ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒரு பேட், படியேற ஏலாம இருக்கிறது, ஐஸ், இந்த நாலையும் ஒண்டாச் சேத்துப் பாத்தா சாமத்திய வீட்டுத் திகதிய விட முக்கியமான விசயம் ஒண்டு உங்கட வீட்டுக்குள்ள நடந்துகொண்டிருக்கு, இந்தக் கிழமைக்குள்ளயே பிள்ளைக்கு ரத்தம் சோதிக்கவேணும்.

அந்தக் குளிசைய இப்ப குடுக்காதீங்க

நீங்க வாங்கி வச்சிருக்கிறது நோரெத்திஸ்டரோன் தான் எண்டு விபரத்தப் பாக்க விளங்குது. கோயில் திருவிழா, கலியாணம், சோதினை எண்டு இதப் பாவிக்கிற பொம்பிளைகள் நிறையப் பேர், அது எனக்கும் தெரியும், நாங்களும் எழுதிக் குடுக்கிறனாங்க. ஆனா அது ஒழுங்கா மாதா மாதம் வாற ஆளுக்கு, வர இருக்கிற நாளுக்கு மூண்டு நாள் முன்னம் தொடங்கிற மருந்து. உங்கட மகளுக்கு 26 நாளிலயும் வந்திருக்கு, 45 நாளிலயும் வந்திருக்கு. எந்த நாளுக்கு மூண்டு நாள் முன்னம் எண்டு யாரால சொல்லேலும்? அத விடப் பெரிய காரணம் ஒண்டிருக்கு. ஏன் இவ்வளவு ரத்தம் போகுது எண்டு கண்டுபிடிக்காம இந்த மருந்தக் குடுக்கக்கூடாது எண்டுறது அந்த மருந்தின்ட அடிப்படை எச்சரிக்கையில ஒண்டு. குடும்பத்தில யாருக்காவது கால் நாளத்தில ரத்தம் உறைஞ்ச வரலாறு இருந்தாலும் டொக்டர் முதலே கேட்டுத் தெரிஞ்சிருக்க வேணும். குளிசைய நிப்பாட்டி ரெண்டு மூண்டு நாளில ரத்தம் வரும், ஏற்கனவே ரத்தம் குறைஞ்ச பிள்ளைக்கு அது சில நேரம் பெருசாவே வரும். ஹோல்ல எடுத்த ஃபோட்டோ வடிவா இருக்கும், அதுக்கு அடுத்த கிழமை நீங்க வார்ட்டில நிக்க வேண்டி வரலாம்.

இதே மருந்த, சோதிச்சுப் பாத்த பிறகு, ரத்தத்தக் கட்டுப்படுத்த எண்டு டொக்டரே எழுதவும் கூடும். அப்ப பயப்படாமக் குடுங்க, அளவும் நாளும் அவங்க சொல்லுவாங்க, அதால பின்னால பிள்ளை பெறுறதுக்கு ஒரு தடையும் வராது. பாமசி கவுண்டரில நிண்டு கேட்டு வாங்கிறது தான் வேண்டாம்.

சாமத்திய வீடு செய்யிறதும் விடுறதும் உங்கட குடும்பத்து விசயம், நான் அதுக்க வரமாட்டன். அண்டைக்கு வந்தா என்ன செய்யிறது எண்டு கேட்டா, பிள்ளை நல்ல பேட் ஒண்டு வச்சு, உள்ளுக்கு ஒரு கறுப்புக் காற்சட்டை போட்டுக்கொண்டு சீலை உடுக்கலாம், மேடையில நிக்கலாம். பெரியபிள்ளை ஆனதுக்குத் தானே அந்த விழாவே. அந்த ரத்தம் அண்டைக்கு மட்டும் ஏன் குற்றமாகவேணும் எண்டு மாமியிட்ட மெதுவாக் கேட்டுப் பாருங்க. பிள்ளைக்கு ஹீமோகுளோபின் நல்லாக் குறைவா இருந்தா மட்டும் ரெண்டு மாசம் பின்னால தள்ளுங்க. கனடாக்காரருக்குக் கஷ்டம் தான், ஆனா தலை சுத்தி மேடையில விழுற பிள்ளையப் பாக்கிறது அத விடக் கஷ்டம்.

எது வழமை, எது இல்ல

நாள் மாறி மாறி வாறதுக்கு நீங்க பயப்படுறீங்க. அது இந்த வயசில பெரும்பாலும் வழமை தான். மூளையில இருந்து சூலகத்துக்குப் போற ஹோர்மோன் செய்தி ஒழுங்குக்கு வர ரெண்டு மூண்டு வருசம் எடுக்கும், அது வரைக்கும் கன மாதத்தில முட்டை வெளிவராது, 21 நாளில இருந்து 45 நாளுக்குள்ள எப்ப வந்தாலும் சரி எண்டு தான் நாங்க எடுக்கிறம். தொடர்ந்து மூண்டு மாசம், அதாவது 90 நாள், வராமலே விட்டா காட்டவேணும். 15 வயசாகியும் பெரியபிள்ளை ஆகாட்டியும் காட்டவேணும்.

நாள் மாறுறதுக்கு அவ்வளவு பயந்த நீங்க, அளவு கூடினத "தொடக்கத்தில அப்பிடித் தானே" எண்டு விட்டிட்டீங்க. ஏழு நாளுக்கு மேல போனா அது கூட. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பேட் நிரம்பினா அது கூட. பெட்ஷீட் நனையிறது, பெரிய கட்டியாப் போறது, எல்லாம் கூட. ஒழுங்கான ஒரு பீரியட்ஸில மொத்தமாவே 30, 40 மில்லிலீட்டர் தான் ரத்தம் போகும், ரெண்டு மூண்டு மேசைக் கரண்டி அளவு. 80ஐத் தாண்டினா பெரும்போக்கு எண்டுறம். வீட்டில யாரும் அளந்து பாக்கிறதில்ல, அதால தான் நாங்க எத்தனை பேட், எத்தனை நாள் எண்டு கேக்கிறம்.

முட்டை வெளிவராத மாதத்தில கருப்பையின்ட உள் தோல் தடிச்சுக்கொண்டே போய், ஒழுங்கில்லாமக் கழண்டு, நாள்கணக்கா ஓடும். இந்த வயசில பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காரணம் இது தான், உங்கட மகளுக்கும் இதுவா இருக்கலாம். ஆனா இன்னொரு கேள்வி கேக்காம விடேலாது: பிள்ளைக்குச் சின்னனில இருந்து அடிக்கடி மூக்கால ரத்தம் வாறதா, பல்லு விளக்கேக்க முரசில வாறதா, லேசா இடிபட்டாலே நீலம் பாயுறதா, பல்லுப் பிடுங்கின நேரம் நிக்க நேரமெடுத்ததா? உங்களுக்கோ உங்கட அம்மாவுக்கோ பிள்ளை பெத்த நேரம் கனக்க ரத்தம் போனதா? ரத்தம் உறையிறதில பிறவியிலயே குறை இருக்கிற பிள்ளைகள், வொன் வில்பிராண்ட் எண்டு ஒரு நோய் இருக்கு, பெரியபிள்ளை ஆகிற வரைக்கும் யாருக்கும் தெரியாமலே வளருவாங்க, முதல் சில பீரியட்ஸில தான் அது வெளியில வரும். "எங்கட குடும்பத்தில எல்லாப் பொம்பிளைகளுக்கும் இப்பிடித் தான் போகும்" எண்டு யாராவது சொன்னா எனக்கு அது ஆறுதல் இல்ல, அது ஒரு துப்பு.

பக்கத்து அக்கா சொன்ன பீசிஓஎஸ் பேர இப்பவே பிள்ளையில ஒட்டாதீங்க. பெரியபிள்ளை ஆகி எட்டு வருசம் போகும் வரைக்கும் ஸ்கேன வச்சு பீசிஓஎஸ் எண்டு சொல்லக்கூடாது எண்டு தான் 2023ல வந்த சர்வதேச வழிகாட்டலும் சொல்லுது, ஏனெண்டா இந்த வயசில நல்ல சுகமான சூலகமே ஸ்கேன்ல சின்னச் சின்ன நீர்க்குமிழியோட தான் தெரியும். ஸ்கேன் வேற காரணத்துக்கு டொக்டர் கேட்டா எடுங்க, நீங்களாப் போய் எடுக்காதீங்க.

டொக்டரிட்ட போனா என்ன நடக்கும்

உங்கட பெரிய பயம் இது தான் எண்டு எழுத்திலயே தெரியுது. "உள்ளுக்குச் சோதிப்பாங்களா, நாளைக்கு அவட கலியாணத்துக்குப் பிரச்சினை வருமா" எண்டு கேட்டிருக்கிறீங்க. இந்த வயசுப் பிள்ளைய இப்பிடியான பிரச்சினைக்கு உள்ளுக்குச் சோதிக்க மாட்டாங்க. ஸ்கேன் எடுத்தாலும் சலப்பை நிரம்ப தண்ணி குடிக்கச் சொல்லிட்டு வயித்துக்கு மேலால தான். பொம்பிளை டொக்டர் வேணும் எண்டு கேக்கலாம், அது உங்கட உரிமை. ஆம்பிளை டொக்டர் எண்டாலும் நீங்களோ ஒரு நேர்ஸோ பக்கத்தில நிக்கலாம். ஒரு கட்டத்தில டொக்டர் உங்கள வெளியில இருக்கச் சொல்லிட்டு மகளோட கொஞ்சம் தனியாக் கதைக்கவும் கேக்கலாம், மனம் நோகாதீங்க, அது சந்தேகம் இல்ல, அம்மாக்கு முன்னால வெக்கத்தில சொல்லாத விசயத்தப் பிள்ளை அங்க சொல்லும், பேட் எத்தனை எண்டுறது உட்பட.

முதல் எடுக்கிறது டெங்கு நேரத்தில எல்லா வீட்டுக்கும் பழகிப்போன அதே எஃப்.பி.சி, ரத்த அணுக்கள எண்ணிப் பாக்கிற சோதினை தான். ஹீமோகுளோபின் 12க்குக் கீழ எண்டா ரத்தம் குறைவு. அதோட ஃபெரிட்டின் எடுத்தா உடம்பில அயன் எவ்வளவு மிச்சம் இருக்கு எண்டு தெரியும், ஹீமோகுளோபின் சரியா இருந்தும் ஃபெரிட்டின் அடியில கிடக்கிற பிள்ளைகள் இருக்கிறாங்க, களைப்பும் மறதியும் படிப்பில கவனமில்லாததும் அதால வரும். உறையிற சோதினை, தைரொய்ட் சோதினை தேவையெண்டா டொக்டர் எழுதுவார். ரத்தக் குறைவு எல்லாமே அயன் குறைவும் இல்ல, தலசீமியா எண்ட பரம்பரை ரத்த நோயக் கடத்துற ஆக்களுக்கும் எஃப்.பி.சி கிட்டத்தட்ட இதே மாதிரி வரும், அதால சோதிக்காம பாமசியில அயன் குளிசை வாங்கிக் குடுக்காதீங்க.

குடும்ப டொக்டரிட்ட கடிதம் ஒண்டு வாங்கிக்கொண்டு டி சொய்சா ஆஸ்பத்திரிக்கோ காசல் வீதி மகளிர் ஆஸ்பத்திரிக்கோ கிளினிக்குக்குப் போகலாம், காசில்ல. இளம் பிள்ளைகளுக்கு எண்டே "யௌவுன் பியச" எண்டு நிலையங்கள் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலயும் எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிஸ்களிலயும் நடக்குது, உங்கட ஏரியாவுக்குக் கிட்ட எது எண்டு மிட்வைஃப் மிஸ்ஸிட்ட கேளுங்க. சிங்களத்தில விளங்கப்படுத்த ஏலாம இருக்கும் எண்டு எழுதியிருக்கிறீங்க. தமிழும் அரச கரும மொழி தான், தமிழில தயங்காமக் கேளுங்க. அதோட திகதி, நாள், பேட் எண்ணிக்கை மூண்டையும் ஒரு துண்டில எழுதிக்கொண்டு போனீங்க எண்டா பாதிக் கதைய அந்தத் துண்டே சொல்லும், இலக்கத்துக்கு மொழி தேவையில்ல.

திரும்ப ரத்தம் வந்து, மணித்தியாலத்துக்கு ஒரு பேட் எண்டு ரெண்டு மூண்டு மணித்தியாலம் தொடர்ந்து போனாலோ, பிள்ளை மயங்கினாலோ, நெஞ்சு படபடத்து வெளிறிப் போனாலோ கிளினிக் நாளைப் பாத்துக்கொண்டு இருக்காதீங்க, 1990க்கு அடிச்சு ஆம்புலன்ஸ கூப்பிடுங்க, அதுவும் இலவசம்.

வலிக் குளிசையும் டெங்குவும்

வலிக் குளிசையால பிள்ளை தங்காது எண்டுறது உண்மையில்ல. பீரியட்ஸ் வலி கருப்பை சுருங்கிறதால வாறது, அத உண்டாக்கிற புரொஸ்டகிளாண்டின் எண்ட பொருளக் குறைக்கிறது தான் மெஃபனமிக் அசிட் மாதிரிக் குளிசை. சுகமான பிள்ளைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு, டொக்டர் சொன்ன அளவில குடுக்கலாம். ஆனா உங்கட மகளுக்கு இப்போதைக்கு பாரசிட்டமோல் மட்டும் தான், ஏனெண்டா உறையிறதில குறை இருக்கா எண்டு பாக்கும் வரைக்கும் மற்றது ரத்தத்தக் கூட்டலாம். வயித்தில சுடுதண்ணிப் போத்தல் வைக்கிறதும் நல்லா வேலை செய்யும்.

கொழும்பில இருக்கிற எல்லா அம்மாமாரும் இத மறக்காதீங்க: பீரியட்ஸ் வலியோட காய்ச்சலும் இருந்தா மெஃபனமிக் அசிட், ஐபுபுரோஃபன், அஸ்பிரின் ஒண்டும் குடுக்கக்கூடாது. அது டெங்குவா இருந்தா இந்தக் குளிசைகள் ரத்தக் கசிவக் கூட்டிவிடும். டெங்கு நேரத்தில பீரியட்ஸ் வழமைய விடக் கூடப் போறதோ, நாள் வராமலே ரத்தம் வாறதோ ஆபத்தான அறிகுறி. வெக்கத்தில பிள்ளை அத ஒளிக்கும், அதால நீங்களாக் கேக்கவேணும், டொக்டரிட்டயும் நீங்களாச் சொல்லவேணும்.

மாமி, சாப்பாடு, குளிப்பு

மாமியோட சண்டைக்குப் போகாதீங்க. அவ செய்து குடுக்கிற உளுத்தங்களி, நல்லெண்ணெய் எல்லாம் வளர்ற பிள்ளைக்கு நல்ல சாப்பாடு தான், முட்டை குடுக்கேக்க மட்டும் பச்சையா இல்லாம அவிச்சுக் குடுங்க. பிரச்சினை, ரத்தம் போற அந்த 11 நாளும் மீனும் முட்டையும் இறைச்சியும் நிண்டு போனது. போறதும் கூட, வாறதும் குறைய எண்டா பிள்ளை எங்கால எடுக்கும்? "மாமி, டொக்டர் மருந்தாச் சாப்பிடச் சொன்னவ" எண்டு என்ட தலையில போட்டுச் சொல்லுங்க, எனக்குக் கோவம் வராது. நெத்தலி, ஈரல், மீன், கௌபி, கடலை, முருங்கை இலை. மரக்கறிக்குத் தேசிக்காய் பிழிஞ்சா அயன் நல்லாச் சேரும். சோத்தோடயோ குளிசையோடயோ தேத்தண்ணி குடுத்தா அது அயனப் பிடிச்சு வச்சிடும், ஒரு மணித்தியாலமாவது பிந்திக் குடுங்க. ஸ்கூல்ல கிழமைக்கு ஒருக்கா குடுக்கிற அயன் குளிசையும் உண்மையில குடிக்கிறாவா, புத்தகப் பாக்குக்குள்ள கிடக்குதா எண்டு ஏசாமக் கேளுங்க, வயித்தப் பிரட்டுது எண்டு கனபேர் ஒளிச்சு வைக்கிறவங்க.

குளிக்கலாம், தலைக்கும் வார்க்கலாம். கீழ வெறும் தண்ணி போதும், டெட்டோல், வாசனைச் சவர்க்காரம் வேண்டாம். பேட் நனையாட்டியும் நாலு தொடக்கம் ஆறு மணித்தியாலத்தில மாத்தவேணும். ஸ்கூல் பாத்ரூம் ஊத்தை எண்டு காலையில இருந்து தண்ணியே குடிக்காம, சலத்தையும் அடக்கிக்கொண்டு வாற பிள்ளைகளுக்குத் தான் சலக்கடுப்பு வாறது, ரெண்டு பேட், ஒரு உள்காற்சட்டை, கொஞ்சம் டிஷூ எண்டு ஒரு சின்னப் பேர்ஸ் பாக்கில எப்பவும் இருக்கட்டும். மாமி தைச்ச துணி பேட்டும் பாவிக்கலாம், பச்சைத் தண்ணியில ரத்தத்த அலசி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயில்ல காய வச்சா. பாத்ரூம் கதவுக்குப் பின்னால ஈரமாத் தொங்கினது சரி வராது, யாரும் பாத்தாப் பாக்கட்டும், பல்கனியில போடுங்க.

வெள்ளைபடுறது பற்றியும் கேட்டிருந்தீங்க. கடியில்லாம, கெட்ட மணமில்லாம, வெள்ளையாவோ தண்ணியாவோ வந்தா அது வளர்ச்சி, உடம்பு உருகிறது இல்ல. ஆறாம் வகுப்பில எச்.பி.வி ஊசிக்கு நீங்க சைன் வைக்காம விட்டது பற்றி: அது கருப்பைக் கழுத்துப் புற்றுநோயத் தடுக்கிற ஊசி, இலங்கையில 2017ல இருந்து ஸ்கூல்ல குடுக்கிறாங்க, பீரியட்ஸோட ஒரு சம்பந்தமும் இல்ல. 15 வயசுக்கு முன்னம் எண்டா ஆறு மாச இடைவெளியில ரெண்டு ஊசி போதும், அதால இன்னும் பிந்தல்ல, எம்.ஓ.எச் ஒஃபிஸில கேளுங்க.

"இத மகளுக்குத் தெரியாமத் தான் எழுதுறன்" எண்டு முடிச்சிருக்கிறீங்க. அவட உடம்பப் பற்றின கடிதம், அவவுக்குத் தெரிஞ்சிருக்கட்டும் தங்கச்சி. கீழ இருக்கிறத மட்டுமாவது அவவிட்டக் குடுத்து வாசிக்கச் சொல்லுங்க.

மகள், நீங்க ஒரு பிழையும் செய்யல்ல, ஐஸ் கடிச்சதும் பிழையில்ல. ஒரு சின்னக் கொப்பி எடுத்து, வந்த திகதி, நிண்ட திகதி, ஒவ்வொரு நாளும் மாத்தின பேட் எத்தனை, அதில எத்தனை முழுசா நனைஞ்சது எண்டு எழுதுங்க, இரவில எழும்பி மாத்தினதையும் சேத்து. கொப்பி உங்களிட்டயே இருக்கட்டும். கிளினிக்கில டொக்டர் கேக்கேக்க அம்மா பதில் சொல்ல முன்னம் நீங்க அதத் திறந்து காட்டுங்க. ரத்தம் ஏறி நெட்போலுக்குத் திரும்பப் போற நாளையும் அதிலயே எழுதி வைங்க.